சாந்தோ டொமிங்கோவில் நான் சொன்ன பொய்கள்

என்மேல் கோபம் தீராமலே போய்விட்ட என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தெட்டு நாள். வருகிற ஞாயிறு முப்பத்தொன்றாம் நாள் கிரியை. உங்கள் நினைவு மலர் நாளைக் காலையில் அச்சுக்குப் போகவேண்டும். வாழ்க்கைக் குறிப்பை மாமா எழுதித் தந்திருக்கிறார். "தன் நோயின் கடுமையை அறியாமலே, பிள்ளைகளின் அரவணைப்பில் அமைதியாகக் கண்மூடினார்" என்று முடித்திருக்கிறார். வாசித்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அறியாமலோ? நீங்களோ?

அதனால்தான் மாமாவின் குறிப்புக்கு அடுத்த பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். மலரைக் கையில் வாங்குகிற சனமும் இதை வாசிக்கும் அப்பா. ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையும் திரும்பச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது.

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான்தான் உங்கள் இங்கிலீஷ். பதின்மூன்று வயதில் கவுன்சில் கந்தோருக்கு உங்களோடு வந்து, கவுண்டருக்குப் பின்னால் இருந்த மனிசியோடு வீட்டுக்காகச் சண்டை பிடித்தவள் நான். பேரன்ட்ஸ் ஈவினிங்கில் மிஸ் என்னை வாயாடி என்று சொல்ல, "வகுப்பில நல்லாக் கதைக்கிறனாம்" என்று உங்களுக்குச் சொன்னவளும் நான்தான். அது பிறகு வெளிச்சத்துக்கு வந்தபோது நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வேலைத்தளத்தில் ஷிப்டில் நின்ற எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தீர்கள். அன்றைக்கே முதுகில் இரண்டு போட்டிருக்கலாம்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தருகிறோம் என்றார்கள். "தேவையில்லை, நான் இருக்கிறேன்" என்று நான்தான் மறுத்தேன். டொக்டர் கதிரையை உங்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, ஒரு வருடம் கிடைத்தால் பெரிது என்றார். நான் உங்கள் பக்கம் திரும்பி, "வயித்துப் புண்ணாம் அப்பா. குளிசை போட்டா மாறுமாம்" என்றேன். தாதி டிஷ்யூப் பெட்டியை உங்கள் முன்னால் தள்ளி வைத்தாள். நீங்கள் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அவளுக்குத் தாங்க்யூ சொன்னீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாளே அம்மா குசினியில் வைத்துச் சொல்லிவிட்டார்: "அவங்கள் என்ன சொன்னாலும் அவருக்குச் சொல்லாதை. தெரிஞ்சா மனிசன் பயத்திலேயே போயிடும்." இது உங்களுக்குத் தெரியாது அப்பா. தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

வயிற்றுப் புண் என்று நம்பிய நீங்கள் திட்டம் போடத் தொடங்கினீர்கள். "இது மாறினோடன ஊருக்குப் போட்டு வரவேணும். சின்னவனுக்கு முன்னால போய் நிண்டால்தான் அவன் கதைப்பான்." உங்கள் அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் போகாத நாளிலிருந்து உங்களோடு ஒரு சொல் கதைக்காத உங்கள் தம்பி, என் சித்தப்பா. விசா இல்லாமல் இங்கே கிடந்தவர் எப்படிப் போவது என்று அவருக்கு யார் விளங்கப்படுத்துவது? போனில் முடிகிற காரியமில்லை, நேரில்தான் என்று பிடிவாதமாக இருந்தீர்கள்.

அம்மா கையைப் பிசைந்தார். "ஊர்ச்சனம் கண்டவுடன 'என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள், கான்சரோ' எண்டு மூஞ்சைக்கு நேர கேட்டுப்போடுங்கள்" என்றார். உண்மைதான். அங்கே விமான நிலையத்திலேயே கேட்டுவிடுவார்கள். அதனால் தமிழ்ச்சனம் இல்லாத ஒரு நாட்டைத் தேடினேன். கனடா சரிவராது. பாரிஸ் சரிவராது. சுவிஸ் வாய்ப்பே இல்லை. கடைசியில் டொமினிக்கன் குடியரசு கிடைத்தது. உங்களோடு ஒரு வார்த்தை பேச ஆளில்லாத ஊர். "ஊருக்கு அடுத்த வருசம் போவம் அப்பா, இப்ப உடம்பு தேற ஒரு கடற்கரை" என்றேன். அடுத்த வருசம் என்று சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசவில்லை.

"கடல் பாக்கிறதுக்கு இவ்வளவு தூரமோ?" என்று கேட்டுக்கொண்டுதான் பிளேன் ஏறினீர்கள்.

நாலாம் நாள் சாந்தோ டொமிங்கோவின் பழைய நகரத்துக்கு ஒருநாள் சுற்றுலா. அம்மா கால் வீங்கி ஹோட்டலிலேயே நின்றுவிட்டார். நீங்களும் நானும் விடிய பஸ் ஏறினோம். வழிகாட்டி ரபாயெல் மடித்த குடையைத் தூக்கிப் பிடித்தபடி, கல்லுப் பாவிய தெருக்களால் எங்களை நடத்திக்கொண்டு போனான். கொலம்பஸ் வந்திறங்கியதற்குப் பிறகு ஸ்பானியர் கட்டிய நகரம். இது புதிய உலகத்தின் முதல் தெரு, இது முதல் தேவாலயம், இது முதல் கோட்டை என்று அவன் வாயில் முதல் தவிர வேறு சொல் வரவில்லை. நான் உங்கள் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எல்லாம் முதல் எண்டால், அதுக்கு முதல் இருந்த சனம் எங்க போட்டுதாம்? கேள்" என்றீர்கள்.

கேட்டேன். ரபாயெலின் முகம் மாறிவிட்டது. தைனோ என்ற அந்த மக்களைத் தங்கம் தோண்ட வைத்து அடித்தே கொன்றதையும், மிச்சப் பேரை அம்மை கொண்டு போனதையும், ஒரு தலைமுறை இரண்டு தலைமுறைக்குள் அந்தத் தீவே வெறுமையானதையும் சொன்னான். சாவைப் பற்றி உங்களிடம் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று எனக்குள் ஒரு வெறி பிடித்திருந்தது. "வேற இடத்துக்கு எழும்பிப் போட்டினமாம்" என்றேன்.

"எங்கட ஆக்கள் மாதிரி" என்று தலையாட்டினீர்கள்.

அடுத்தது பழைய அரச மாளிகை. இப்போது மியூசியம். ஒரு அறையில் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளின் கால்விலங்குகள் இருந்தன. ரபாயெல் குரலைத் தாழ்த்தி நெடுநேரம் சொன்னான். எப்படிக் கட்டினார்கள், எப்படிக் குறி சுட்டார்கள், பிள்ளைகளைத் தாயிடமிருந்து எந்த மேடையில் வைத்துப் பிரித்து விற்றார்கள் என்று. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "கப்பல் கட்டுற இரும்புச் சாமானாம் அப்பா" என்றேன்.

எங்களோடு வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி புருசனின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போய், அந்த வளையத்தின் அளவை விரலால் பிடித்து, குனிந்து உங்கள் கணுக்காலில் வைத்துப் பார்த்தீர்கள். அடுத்த அறையில் நான் சொன்னது எதற்கும் தலையாட்டவில்லை.

பிறகு முதல் ஆஸ்பத்திரி. கூரையில்லாத செங்கல் சுவர்களும் புறாக்களும்தான் மிச்சம். மற்றவர்கள் படமெடுக்கப் போக, நீங்கள் ஒரு கல்லில் இருந்தீர்கள்.

"இரும்புச் சாமானுக்கு ஏன் அந்த மனிசி அழுதவள்?"

நான் உங்கள் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினேன்.

"வயித்துப் புண்ணுக்கு ஏன் அந்த நேர்ஸ் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளினவள்?"

அப்பா, நீங்கள் கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். பால் விலை கேட்பது மாதிரிக் கேட்டீர்கள்.

"எத்தினை மாசம்?"

"ஒரு வருசம் வராதாம் அப்பா."

"என்ன வருத்தம்?"

சொன்னேன். கணையம் என்றால் எது என்று கேட்டீர்கள். அதையும் தொட்டுக் காட்டினேன். நீங்கள் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டீர்கள்.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

அன்றைய நாளின் கடைசிப் பொய் அதுதான். அதை மட்டும் நீங்கள் நம்பினீர்கள்.

எழும்பி நேரே ரபாயெலிடம் போனீர்கள். "யூ. ஸ்லோ. டெல் மீ" என்றீர்கள். அவன் என்னைப் பார்க்க, நீங்கள் கையை நீட்டி அவன் முகத்தை உங்கள் பக்கம் திருப்பினீர்கள். அதற்குப் பிறகு கோட்டை, நிலவறை, தேவாலயம் எல்லாம் நீங்கள் அவனோடுதான். அவன் சாட்டை வீசிக் காட்டினான், கையைப் பின்னால் கட்டிக் காட்டினான், கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினான். உங்களுக்கு எல்லாம் விளங்கியது. பத்தடி பின்னால் நான் உங்கள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெயிலுக்குப் போடுங்கள் என்று நீட்டினேன், நீங்கள் வாங்கவில்லை. பஸ்ஸிலும் முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டீர்கள்.

எனக்குத் தண்டனை போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். நீங்கள் அதை இன்னும் தொடங்கவே இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

லண்டனுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி ரிசெப்சனில் ஒரு துண்டைக் கொடுத்தீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக வரைந்து எழுதியிருந்தீர்கள்: மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மகள் வேண்டாம். ரிசெப்சன் பிள்ளை அதை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. நான் உங்களை அடித்துத் துன்புறுத்துகிறவள் என்று அது நினைத்திருக்கும். அன்றிலிருந்து ஆரோ ஒரு தமிழ்க் குரல் போனில் வந்து உங்களுக்கு எல்லாம் சொன்னது. ஒன்றும் தெரியாத பாவம் என்று நீங்கள் நம்பிய அம்மா உள்ளே உங்கள் பக்கத்தில் இருந்தார். காரை நிறுத்திவிட்டு வந்து நான் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

முதல் நாளே அந்தப் போன் குரலிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி ஊருக்குப் போக ஏலுமோ என்பதுதானாம். ஜனவரியில் என்றால் போயிருக்கலாம், இப்போது பிளேன் ஏற முடியாது என்று டொக்டர் சொன்னாராம். காரில் வரும்போது அம்மா சொன்னார். பின் சீட்டில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். சித்தப்பாவை நான் உங்களிடமிருந்து எடுத்துவிட்டேன். கடலும் புறாவும் காட்டி அனுப்பிவைத்தேன்.

ஐந்து மாதம் அப்பா. ஒரே வீட்டில். சோறு போட்டால் சாப்பிட்டீர்கள், குளிசை தந்தால் வாங்கினீர்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கடைசி நாளும் என்னை வெளியே நிற்கச் சொல்லி, போன் குரலையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசினீர்களே, பெற்ற பிள்ளைக்கு இப்படியும் செய்வார்களா? நான் செய்தது பிழை. நீங்கள் செய்தது கொடுமை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். நான் சொல்லுவேன்.

உங்கள் செத்தவீட்டில் அம்மா என்ன செய்தார் தெரியுமா? பெட்டியில் தலையை முட்டி, "எனக்கும் சொல்லாமல் மறைச்சுப்போட்டாளே" என்று குழறினார். வந்த சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வாசலில் நின்று தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் இந்தக் கடிதத்தை இதுவரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனோர் பார்க் வீட்டின் முன்னறையில் இருந்து, ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். முடியும்வரை கை நிற்கவில்லை.

"நான் சொல்லாதை எண்டு சொன்ன இடத்தை எடு."

"எடுக்க மாட்டன் அம்மா."

"சனம் என்னைக் காறித் துப்பும்."

"என்னைத் துப்பிக்கொண்டுதானே இருக்கினம்."

அடுத்த கறிவேப்பிலைக் கொத்தை எடுத்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அதை எடு. எடுத்தியெண்டால், கொப்பா கடைசியா உன்னைப் பற்றிச் சொன்னதைச் சொல்லுறன்."

இருபத்தெட்டு நாளாக அதற்காகத்தானே நான் செத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியைத்தான் கேட்கிறார். வெட்டிவிட்டால் உங்கள் சொல் எனக்குக் கிடைக்கும். நல்லதோ கெட்டதோ, ஒரு சொல்.

பேனையை எடுத்தேன் அப்பா. பொய் சொல்லமாட்டேன், எடுத்தேன்.

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த முகத்தைக் கவனித்தேன். என்ன சொல்லுவது, எதைச் சொன்னால் இவள் தாங்குவாள், எதைச் சொன்னால் இவள் வாயடைப்பாள் என்று கணக்குப் பார்க்கிற முகம். எனக்குத் தெரியாத முகமா அது? டொக்டருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். "உன்னை மன்னிச்சிட்டார்" என்று அவர் சொன்னாலும், "உன்ர முகத்தில முழிக்க விருப்பமில்லை எண்டவர்" என்று சொன்னாலும், அது நீங்கள் சொன்னதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேனையை மூடினேன். "நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம் அம்மா" என்றேன்.

வரி அப்படியே அச்சுக்குப் போகிறது. நீங்கள் கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று அம்மாவிடம் நான் இனி எந்த நாளும் கேட்கமாட்டேன். அவர் சாகக் கிடந்து தானாகச் சொல்ல வந்தாலும் எழும்பி வெளியே போய்விடுவேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
சுகந்தி