லூப் லைனில் நிற்கிறேன், லெசியா

சனிக்கிழமை காலை, அக்டோபர் 1983

அன்பு மகள் லெசியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பு சுகம், முழங்கால் மட்டும் வழக்கம்போல. கல்யாணப் பெண் நீ பூரண சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கும் இடம்தான் சரியில்லை. வின்னிபெக்குக்கு இன்னும் நாலு மணி நேர ஓட்டம் இருக்கையில் எங்கள் எஞ்சின் மூச்சை விட்டுவிட்டது, விடிந்ததிலிருந்து மற்ற வண்டிகளுக்கு வழிவிட ஒதுங்கும் லூப் லைனில் கிடக்கிறோம், மாற்று எஞ்சின் சாயங்காலம்தான் வருமாம். உன் கல்யாணமோ நாலு மணிக்கு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் காடு, ரோடு என்று ஒன்று கிடையாது. ஸ்டெஃபா அத்தை மூன்று நாள் பாடுபட்டுச் சுட்ட கல்யாண ரொட்டி என் மடியில் இருக்கிறது. வண்டியில் சாப்பாடு தீர்ந்துவிட்டதால் எதிர் சீட்டுத் தடியன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், "பெரியவரே, ஓரத்துல ஒரு துண்டு குறைஞ்சா பொண்ணுக்குத் தெரியவா போகுது?" என்கிறான். கையை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரக்கு வண்டிகள் மட்டும் எங்களைத் தாண்டி ஜோராகப் போகின்றன. உன் தாத்தா தண்டவாளத்துக்குக் கட்டை போட்ட காலத்தில், நொடித்துப்போன கம்பெனிகளை அரசாங்கம் ஒன்றாகச் சேர்த்து இந்தத் தேசத்து ரயிலை உண்டாக்கியது, அப்போது ஆளும் சரக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆறு வருஷத்துக்கு முன் ஆள் ஏற்றும் வண்டிகளைத் தனிக்குடித்தனம் அனுப்பினார்கள், தண்டவாளத்தைக் கொடுக்கவில்லை. அதுவும் ஒற்றைத் தண்டவாளம், ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போகலாம். யார் ஒதுங்குவது என்று எங்கோ உட்கார்ந்து டிஸ்பாட்சர் சொல்வார், ஸ்டேஷன் ஆபரேட்டர் அந்த ஆர்டரை எழுதி, கவட்டைக் கம்பில் நூலால் கட்டி ஓடுகிற வண்டிக்கு நீட்டுவான், எஞ்சினில் இருப்பவர் நூலோடு பறித்துக்கொள்வார். முப்பத்தோரு வருஷம் அதுதான் என் பிழைப்பு, உனக்குத் தெரியாததா. ஆனால் ஒதுங்கிய வண்டிக்குள் இன்றுதான் உட்கார்ந்து பார்க்கிறேன், மூச்சு முட்டுகிறது. கதவைத் திறந்தால் காற்று வருகிறது, இறங்கிப் போகத்தான் இடமில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அன்று, டிஸ்பாட்சர் சொன்னபடி நீ வந்த வண்டியை என் ஸ்டேஷனிலேயே ஐம்பது நிமிஷம் ஒதுக்கினேன். நான் சரக்கு வண்டிக்கு ஆர்டர் நீட்டியதை ஜன்னலிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நீ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றாய். அது வழக்கமில்லை, கேட்டாலும் விடமாட்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு சரி, இந்தக் கல்யாணத்துக்கு நீ என்னைக் கூப்பிட்டதே பெரிது.

இங்கே லூப் லைன் ஓரத்துச் சின்ன ஸ்டேஷனில் தெல்மா என்ற பெண் ஆபரேட்டராக இருக்கிறாள். சற்று நேரத்தில் ஒரு சரக்கு வண்டி வின்னிபெக் போகிறது. அதில் ஏறி வரலாமே என்பாய், இந்த மேட்டில் நூறு பெட்டியை நிறுத்தினால் மறுபடி நகராது. கடிதத்தையாவது ஆர்டரோடு கட்டித் தருவாயா என்று அவளிடம் கேட்டேன். ஆர்டரைத் தவிர ஒரு துரும்பையும் அந்த நூலில் கட்டக் கூடாது, சட்டம் எனக்கே மனப்பாடம். அவள் டிஸ்பாட்சருக்குப் போன் போட்டாள். "கல்யாணமா? கட்டி விடும்மா, பொண்ணு கையில சேர்க்க நான் ஆள் சொல்றேன்" என்றாராம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. லெசியா, அம்மா போன அன்றைக்கும் போனுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன்தான் இருந்தான். நான் போனைக் கையில் எடுக்கவே இல்லை. முடியாது என்று சொன்னது அவர்கள் இல்லை, நான்.

நம் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் ஏந்தி வாசலில் நின்று உங்களை வரவேற்க, எனக்குப் பதிலாக மாப்பிள்ளை கார்லின் அம்மாவைக் கேட்டுக்கொள், கடை ரொட்டி போதும். நீயும் கார்லும் குறைவில்லாமல் வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மறக்காதே. பொண்ணோட அப்பாவுக்காகக் கொஞ்சம் பார்க்கலாமா என்று பாதிரியார் கேட்பார். வேண்டாம் என்று சொல். எனக்காக யாரையும் ஒரு நிமிஷம்கூட நிறுத்தி வைக்காதே.

உன் அப்பா,
ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்