பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது

786

தஞ்சாவூர்,
ரமளான், அஸர் தொழுத பிறகு.

அன்பு மகன் உபைதுல்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தத் தூர தேசத்தில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. அத்தா அப்படியேதான் இருக்கிறார். கண்ணைத் திறக்கிறார், நான் நேரே போய் நின்றால் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார். டாக்டரம்மா காலையில் வந்து பார்க்கலாம்மா என்கிறார், அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. வீட்டை உன் தங்கச்சி ரிஃப்கா பார்த்துக்கொள்கிறாள், மத்தியானம் பஸ் ஏறி வந்து துணிகளை வாங்கிக்கொண்டு போகிறாள். போனில் பேசினால் நீ அழுகிறாய், இல்லாவிட்டால் கத்துகிறாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க விடுவதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், ரிஃப்கா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போன் போடு.

முதலில் ஆற்றங்கரை வயலில் வேலை பார்க்கிற தமிழரசன் விஷயம். கையில தண்ணிய வெச்சுக்கிட்டு வேடிக்கையா பாத்தீங்க என்று நீ போனில் அவரைக் கேட்டாயாம். கேட்டதிலிருந்து அந்த மனிதர் ஆளாகவே இல்லை. நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது, அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் அத்தா அஸர் தொழுதுவிட்டு, நீ தோஹாவிலிருந்து அனுப்பிய, நடக்கிற அடியை எண்ணுகிற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, குடமுருட்டி ஆற்றுக் கரையில் நடக்கக் கிளம்பினார். நோன்பு தொடங்கும் முன்னாலேயே சர்க்கரை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார், மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார், நடையெல்லாம் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகுதான், திறக்கப்போகிற நேரத்தில் நடக்கவே கூடாது, உடம்பு ஒரு மாதிரி இருந்தால் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், சர்க்கரை இறங்கியிருந்தால் யோசிக்காமல் இனிப்பாக எதையாவது குடித்துவிட வேண்டும் என்று. அத்தா அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்தார், இங்கே வந்ததும் எல்லாம் போச்சு. நோன்பு திறந்தால் கஞ்சியும் வடையும் வயிற்றில் கிடக்கும்போது நடக்க முடியாதாம், அப்புறம் தராவீஹ் தொழுகை வந்துவிடுமாம். விரலைக் குத்தி ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அந்த மிஷினை அலமாரியில் வைத்துவிட்டார். அப்படியெல்லாம் முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் இங்கே பார்க்க வந்தபோது சொல்கிறார், இப்போது தெரிந்து என்ன பண்ண. நான் சொன்னால் அவர் கேட்பாரா, நீதான் கேட்பாயா, இரண்டு பேரும் அந்தக் கடிகாரத்தோடுதானே குடித்தனம் நடத்தினீர்கள், இன்றைக்கு யார் அடி அதிகம், அத்தா ஜெயித்தாரா மகன் ஜெயித்தானா என்று. நோன்புலயும் விடாதீங்கத்தா, ஒடம்பு லேசாயிடும் என்று நீ சொன்னதை அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை தம்பி, எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை.

நடந்துபோய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தவருக்கு வியர்த்து ஊற்றியிருக்கிறது, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. பக்கத்து வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த தமிழரசன் ஓடிவந்து தாங்கிப் பிடித்திருக்கிறார். அவர் தூக்கில் சர்க்கரை போட்ட டீ மிச்சம் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோனால் அத்தா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாராம். ரமளான் மாதம் முழுக்க, நம் ஆட்கள் கரையில் போனால் முதுகைக் காட்டித் திரும்பி நின்று தண்ணீர் குடிக்கிற மனிதர் அவர். நோன்பு வெச்சிருக்கவரு வாயில ஊத்தி அந்தப் பாவத்த நான் கட்டிக்கவா, பாங்குக்குக் கொஞ்ச நேரந்தானே இருக்கு, சொன்ன ஒடனே குடுத்துரலாம்னு நெனச்சேம்மா என்று என் முன்னால் நின்று அழுதார். அத்தா தலையை மடியில் வைத்துக்கொண்டு, டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிவாசல் பக்கமே காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்குள் அத்தாவுக்குக் கைகால் இழுத்துக்கொண்டுவிட்டது. பாங்கு சத்தம் கேட்டபோது பல் கிட்டிப்போய் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் அந்த வண்டிப்பாதையில் வந்து சேர்வதற்குள் மூளைக்கு என்ன ஆக வேண்டுமோ அது ஆகிவிட்டது. முன்னாலேயே அந்த டீயைக் கொடுத்திருந்தால் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

நான் யார் மேல் கோபப்பட. நம் நோன்பைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் பார்த்தார். வருஷா வருஷம் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கிக்கொண்டு போகிறார், நோன்பு என்றால் பச்சைத் தண்ணீர் கூடப் படக்கூடாது என்று நாம்தான் அவருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் திறந்துவிடலாம், விட்டதற்குப் பதிலாக அப்புறம் ஒரு நாள் களாவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னோமா. தினமும் வேலையைப் போட்டுவிட்டு இங்கே வந்து தூண் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். பகலில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை, கேட்டால் வேணாம்மா, எறங்க மாட்டேங்குது என்கிறார். நேற்று நானே கேண்டீனுக்குப் போய் டீ வாங்கி வந்து கையில் கொடுத்து, குடிங்க தம்பி, எனக்குத்தான் நோன்பு, உங்களுக்கு இல்ல என்று குடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றேன். குனிந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். நீ அவருக்கு ஒரு போன் போட்டால் உனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். உன் ரூமில் இருக்கிற மன்னார்குடிப் பையன் சேரன் எனக்குப் போன் செய்தான், நீ திட்டுவாய் என்று பயந்து பயந்து பேசினான், அவனை ஒன்றும் சொல்லாதே. நீ பகலெல்லாம் கிடங்கில் நின்று வேலை பார்த்துவிட்டு, நோன்பு திறக்கிறதுக்கு முன்னால் கடற்கரை ரோட்டில் ஓடுகிறாயாம். அத்தா நடக்க வேண்டியதையும் சேர்த்து நீயே ஓடுகிறாயாம், அவர் எழுந்து பார்க்கும்போது ஒரு நாள் விடாமல் வந்த கணக்கு அறுந்திருக்கக் கூடாதாம். சஹருக்கும் சரியாக எழுந்து சாப்பிடுவதில்லையாம், போன வாரம் ஓடிவிட்டு வந்து மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். அடப்பாவி. அத்தாவை இங்கே சேர்த்த அன்றைக்கே அவர் கடிகாரத்தைக் கழற்றி மோதிரத்தோடு ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அது என் பைக்குள் கிடந்து அவ்வப்போது துடிக்கும். என்னவென்று எடுத்துப் பார்த்தால் எழுந்து நடக்கச் சொல்கிறது என்றாள் ரிஃப்கா. சார்ஜ் தீர்ந்த பிறகுதான் சும்மா இருக்கிறது. அந்தக் கணக்கு அறுந்து போச்சு தம்பி. நீ ஓடி அதை ஒட்ட வைக்க முடியாது.

நடக்காதே என்று நான் சொல்லவில்லை. நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் சாப்பிட்டு உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகு மெதுவாக நட, ஓட்டமெல்லாம் பெருநாளைக்குப் பிறகு வைத்துக்கொள். சஹருக்கு எழுந்திரு, தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்ளாமல் ராத்திரியில் விட்டுவிட்டுக் குடி, டீயாகக் குடித்து வயிற்றை நிரப்பாதே. தலை சுற்றினாலோ, கை நடுங்கினாலோ, கண் இருட்டினாலோ அந்த இடத்திலேயே உட்கார்ந்து நோன்பைத் திற, பாங்குக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்காதே. களாவை இரண்டு பேரும் சேர்ந்தே பிடிப்போம், நானும் உன்னோடு பிடிக்கிறேன். சேரனிடம் நான் சொல்லிவிட்டேன், என் மகன் விழுந்தால் நோன்பாளி என்று பார்த்துக்கொண்டு நிற்காதே, நினைவு இருக்கும்போதே இனிப்பாகக் கொடு, இல்லாவிட்டால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, பாவம் என் கணக்கில் என்று. அவன், எப்படிம்மா, நோன்பாச்சே என்று இழுக்கிறான். அவனும் நம் பக்கத்துப் பிள்ளைதானே, தமிழரசன் மாதிரிதான் யோசிப்பான். அதனால் நீயே உன் வாயால் அவனிடம் சொல்லி வை.

லீவு பெருநாளைக்குப் பிறகுதான் என்று உன் கம்பெனி சொன்னதை ரிஃப்கா சொன்னாள். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டாம், வந்தாலும் அத்தாவுக்கு உன்னை அடையாளம் தெரியாது. எனக்கே இது எத்தனை நாள் என்று தெரியவில்லை, துஆ கேட்கக் கையை ஏந்தினால் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நோன்பு ஒன்றைக் கூட விட்டறியாத மனிதருக்கு ரமளான் பகலில் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போகிறது, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நிறைந்த ஆயுளையும் சுகத்தையும் தரட்டும், உன் பாரத்தை லேசாக்கட்டும். சேரனிடம் சொன்னாயா என்று ரிஃப்காவை விட்டுக் கேட்பேன், மறந்தேன் என்று சொல்லாதே. நேற்று மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அத்தா உதட்டில் தொட்டேன். பாங்கு சொல்லியாச்சுங்க, வாயத் தொறங்க என்று காதோடு சொன்னேன். அன்றைக்கு மதகில் இறுக்கி மூடிய வாயை அவர் இன்னும் திறக்கவில்லை. நீயாவது திற, தம்பி.

உன் குரலுக்காக வராந்தாவில் காத்திருக்கும்
அம்மா கமருன்னிஸா