நடுகல்லின் இன்னொரு பக்கம்

நேற்று உங்கள் மனைவி வேலூர் பாகாயத்திலிருந்து வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். “இத ஆம்பூர் சார்கிட்ட சேத்துடுன்னு சொல்லிட்டுப் போனாரு” என்றார். உள்ளே மை ஒற்றும் தோல் பந்து. எங்கள் ஷூ கம்பெனியில் மிஞ்சிய துண்டுத் தோலில் நானே தைத்துக் கொடுத்தது. பதனிட்ட தோலும் விளக்குக் கரியும் கலந்த அதே வாடை. இறந்தவரிடம் பொய் சொல்லக் கூடாது சார், துக்கத்துக்கு முன்னால் பழைய எரிச்சல்தான் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூர், ஆற்காடு, ஆம்பூர் என்று மூன்று ஊர் வரலாற்றுச் சங்கங்களும் சேர்ந்து, பழைய இடங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைக்கக் கிளம்பினோம். நீங்கள் வேலூர்ச் செயலாளர், நான் ஆம்பூர். உங்களுக்குக் கோட்டை இருந்தது. ஆற்காட்டுக்காரர்களுக்கு நவாபுகள் இருந்தார்கள். எங்களுக்கு ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த ஒரே ஒரு நடுகல். வெளியூர்க்காரர்களிடம் வேலூர் என்றால் கோட்டை என்பார்கள், ஆம்பூர் என்றால் பிரியாணி என்பார்கள். வயிறு எரியாதா?

கல்லெழுத்தை யார் முதலில் தாளில் மைப்படி எடுக்கிறாரோ அவர் பெயர்தான் பலகையில் என்பது நம் ஏற்பாடு. எங்கள் நடுகல்லுக்கென்று குறித்த ஞாயிறு கம்பெனியில் அவசர ஆர்டர். நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி, என் பந்தாலேயே மை ஒற்றி முடித்திருந்தீர்கள்.

“இன்னா சார், உங்க கல்லு ஜோரா பேசுது!” என்று சிரித்தீர்கள்.

நீங்கள் ஏரியில் கை கழுவப் போனபோது, கல்லின் பக்கவாட்டில் அப்பியிருந்த மண்ணைச் சும்மா சுரண்டினேன். உள்ளே எழுத்து தொடர்ந்தது. முன்பக்கம் மாடு மீட்கப் போய் மாண்டவனைச் சொன்னது. பக்கவாட்டில், கல்லை நட்டவன் அவன் தம்பி என்று இருந்தது. வேலூர்க்காரர் கோட்டை விட்டார் என்று எனக்குள் குளிர்ந்துபோனது. மண்ணை மறுபடி அப்பிவிட்டேன். பலகை வரட்டும், பிறகு கூட்டத்தில் எழுந்து சொல்லி உங்கள் மானத்தை வாங்குவது என்று திட்டம்.

பலகை வந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் நீங்கள் என்னைப் பார்த்து, “ஆம்பூர் சார், வேற எதுனா சொல்றதுக்கு இருக்குதா?” என்பீர்கள். இல்லை என்பேன். பொறாமைக்காரனுக்குத் தைரியம் கம்மி. வருடங்கள் ஓடிவிட்டன.

பந்துக்கு அடியில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. பக்கவாட்டு எழுத்தின் மைப்படி. அதே ஞாயிற்றுக்கிழமைத் தேதி. மூலையில் பென்சிலால், ‘இதை ஆம்பூர்க்காரர் சொல்லட்டும்’ என்று உங்கள் கையெழுத்து. நான் சுரண்டியது நீங்கள் அப்பிய மண்.

கோட்டையில் முந்தினீர்கள், கல்லில் முந்தினீர்கள். பெருந்தன்மையிலுமா சார்?

புதுப் பலகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் படித்தவர் என்று உங்கள் பெயர்தான். எழுதும்போது கை கூசத்தான் செய்தது. பொறாமை இன்னும் போகவில்லை. வேலூரில் இனி யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்பதுதான் தெரியவில்லை.