இரண்டாவது கையெழுத்து

மூன்றே வாரம் என்று சொல்லி, பெர்த்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனவளுக்கு,

நாய் வளர்க்கலாமா என்று யோசித்து, நேற்று நாய்க் காப்பகத்துக்குப் போனேன். எனக்குப் பிடித்தது சின்ன நாய்தான், நம் அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. தனியே விட்டால் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்குமாம். எட்டு மாதமாக எனக்கும் அதுதான் வேலை.

அங்கே வேலை செய்யும் ரோஷினி என்ற பெண், "வீட்டுல எத்தனை பேர், அங்கிள்?" என்று கேட்டாள். ஒருவர்தான் என்று சொல்லியிருந்தால் நேற்றே கொடுத்திருப்பாள். என் வாய் "ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டது.

"அப்போ ஆன்ட்டியும் நேர்ல வந்து சைன் பண்ணணும் லா."

குளிப்பாட்டவும் நடக்கக் கூட்டிப்போகவும் நான் தயார்தான். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அதையும் நேரில் வந்துதான் சொல்ல வேண்டுமாம்.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனிலிருந்து,
வீட்டிலிருக்கும் இரண்டு பேரில் ஒருவன்