இன்னொரு குவளை

இன்று காலை மொட்டை மாடியில் கடலைப் புண்ணாக்கு ஊறிய வாளியைத் திறந்தேன். குப்பென்று அந்தப் புளித்த நாற்றம். நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்றே திரும்பிப் பார்த்துவிட்டேன். இந்த நாற்றத்துக்கு ஏங்குகிறவன் இரும்புலியூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ போன பிறகு உன் பன்னீர் ரோஜாவுக்குச் சாப்பாடு போடுவது என் வேலையாயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒரு குவளை புண்ணாக்குத் தண்ணீர். மனசு கேட்காத நாளில் இன்னொரு குவளை. மனசு என்றைக்குக் கேட்டது? செடி தளதளவென்று வளர்ந்தது. கல்லறைத் திருநாளுக்கு உன் செடிப் பூவைத்தான் உனக்கு வைக்க வேண்டும் என்று இருந்தேன். என் அம்மா கல்லறைக்கு நீ வருஷா வருஷம் அப்படித்தானே கொண்டுபோனாய். தாம்பரம் மார்க்கெட்டில் சாமந்தி கொட்டிக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாய். ஆனால் மாதா திருவிழா முடிந்தும் செடியில் ஒரு மொட்டு இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. முன்பு ஒருநாள் நான் இரண்டாவது குவளையை மொண்டபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"போதுங்க. தழைச்சத்தாவே கொடுத்தா இலைதான் வரும். மொட்டு வைக்கிற நேரத்துல இதைக் குறைச்சுட்டு எலும்புத்தூள், வாழைப்பழத் தோல் போடணும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான் அப்போ அதுக்குப் பசி."

"பாவம், கொஞ்சம் கூடக் குடிக்கட்டுமே?"

"எனக்கு ஊட்டி ஊட்டித்தான் இப்படி ஆக்கிட்டீங்க. செடியையாவது விடுங்க" என்று சிரித்தாய்.

வாளியை மூடிவைத்தேன். கிளையை வெட்டிவிட்டால்தான் மொட்டு வரும் என்பாயே; உன் கை பட்ட கிளைகளை வெட்டத்தான் கை வரவில்லை, ஆனாலும் வெட்டினேன். நீ சொன்னதையெல்லாம் போட்டேன். திருநாளன்று ஒரே ஒரு மொட்டு, அதுவும் இறுக மூடிக்கொண்டு. பறிக்க மனமில்லாமல் தொட்டியோடு ஸ்கூட்டரில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுவந்தேன்.

பக்கத்துக் கல்லறையில் தன் மகனுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், தொட்டியோட தூக்கினு வந்துட்டீங்க?"

"இன்னும் பூக்கலக்கா."

"அதுக்கு இன்னா? மொட்டைப் பார்த்தாலே அவங்களுக்கு சந்தோசம்தான். அப்டியே வைங்க" என்று இன்னொரு மெழுகுவத்தியை ஏற்றித் தொட்டியருகில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மொட்டு அந்த வாரமே வீட்டில் விரிந்தது. தனியாக மறுபடியும் கொண்டுவந்து காட்டினேனே, பார்த்தாயா?

இப்போது இதழெல்லாம் உதிர்ந்துவிட்டது. இனி புதுத் தளிர் விட வேண்டும், அதனால்தான் மறுபடியும் புண்ணாக்கு. நீ சொன்ன அளவுதான், ஒரு குவளை ஊற்றிவிட்டேன். இரண்டாவதையும் மொண்டு கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ வந்து கையைப் பிடிக்க வேண்டும்.