முதல் நாள் வேலையும் இரண்டு துண்டு முலாம்பழமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், இதைப் படித்து முடிக்கிறவரை அந்த வார்த்தையை மனதில் பிடித்துக்கொள். உன் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் நாலு நாள் என் போன் கெட்டுக் கிடந்தது என்று அப்பா சொன்னது பொய். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவரைத் திட்டாதே, சொல்லச் சொன்னது நான்தான்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் கழித்துத் தையல் கடைக்குப் போன முதல் நாளே வந்த வினை அது. இத்தனை மாதமும் என் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்தவள் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்கா. அவள் எனக்காகவே ஒரு தட்டு முலாம்பழம் கொண்டுவந்து நீட்டினாள். காலையில் நறுக்கியது, மத்தியானம் வரை இஸ்திரி மேஜையோரம் வெக்கையில் கிடந்தது. நறுக்கி வைத்த பழம், வேகாத கறி, ஆறிப்போன சாப்பாடு எதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு மனப்பாடம், ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு துண்டு தின்றேன். எல்லாரும்தான் தின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூன்றாம் நாள் ஜுரம், வாந்தி, பேதி. நீ கொடுத்த சிறுநீரகத்தை என் உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் காக்கிற மாத்திரைகூட வயிற்றில் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது வயிற்றுவலி பெரிதாகத் தெரியவில்லை, பெற்ற பிள்ளை வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததைப் பழத்துக்குத் தோற்றுவிட்டேனே என்றுதான் வழியெல்லாம் அப்பாவிடம் புலம்பினேன்.

சிறுநீரகம் பிரித்து வெளியேற்ற வேண்டிய உப்பு ரத்தத்தில் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள்தான் இறங்கியது. இப்போது பழையபடி இருக்கிறது, பயப்படாதே. திட்டுவார் என்று நினைத்த டாக்டரம்மா, "உடனே வந்ததால தப்பிச்சீங்க, இனிமே யார் மனசு நோகுமோன்னு பார்க்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அக்கா பார்க்க வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நான்தானே குடுத்தேன்" என்று அழுதாள். "நீ ஆசையாக் குடுத்த, கூடாதுன்னு தெரிஞ்சும் தின்னது நான்" என்றேன். இப்போது கடையில் யார் பொட்டலம் பிரித்தாலும் எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நிற்கிறாள். அப்பா ஒரு வார்த்தை கடியவில்லை, கறி நறுக்கத் தனிப் பலகை வாங்கிவந்து, முந்தின நாள் மீந்ததை எல்லாம் கொட்டிவிட்டு, நான் சாப்பிடுகிற நேரத்துக்கே சுடச்சுட ஆக்கித் தருகிறார், உப்பு போடுகிற அளவுதான் இன்னும் கைக்கு வரவில்லை.

கோபம் வந்தால் என்னையே திட்டு, உள்ளே வைத்துக்கொள்ளாதே. நிறையத் தண்ணீர் குடி. தலைவலிக்கு உன் இஷ்டத்துக்கு மாத்திரை வாங்கிப் போடாதே. வேலை வேலை என்று வருஷப் பரிசோதனையைத் தள்ளிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், இந்த வாரமே போய் வா. உன்னிடமும் ஒன்றுதான் இருக்கிறது கண்ணு.

நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிற
அம்மா