அப்பாவின் விலகல், என் முகம்

மே 28, புதன்
வெயில். மலைப்பக்கம் மட்டும் கருக்கல். கிழங்கு மில்லில் அரை நாள்தான் வேலை. கையெல்லாம் மரவள்ளிப் பால் நாற்றம்.

அப்பா ரம்மி ஆப்பில் விலகல் போட்டுவிட்டார், இனி தன்னை ஆட விடாதீர்கள் என்று. அம்மா எதிரில், அவரே. ஆதார் எண், செல்ஃபி. ஒரு வருடம். நடுவில் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்களாம். போன மாதம் அம்மா அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, அவரை நிறுத்துங்கள் என்று கேட்டதற்கு, "சார்தான் கேக்கணும் மேடம்" என்று வைத்துவிட்டார்கள். இரண்டு ஆடு விற்று ஆட்டத்தில் போன பிறகு சாருக்கு இன்றுதான் கேட்கத் தோன்றியது.

அம்மா: "இனிமேனா கரும்பு வெட்டப் போவாரு."

நானும் நம்பினேன்.

ஜூன் 1, ஞாயிறு
கச்சிராயபாளையத்திலிருந்து அப்பா ஜாங்கிரி வாங்கி வந்தார். "இன்னிக்கு உனுக்குப் பொறந்தநாளு. பதினெட்டு."

நான் பிறந்தது தை மாதம். வயது பதினேழு. ஜூன் 1, சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட தேதி. அதுவே ஆதாரிலும். இதுவரை யாரும் அதற்கு ஒரு மிட்டாய்கூட வாங்கியதில்லை.

ஜாங்கிரி வாயில் இருக்கும்போதே போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வெளிச்சத்துல நில்லும்மா. ஆடாத. ஒருவாட்டி கண்ண சிமிட்டு."

சிமிட்டினேன். எதற்கென்று கேட்கவில்லை. நான் எதையும் கேட்பதில்லை.

திரையில் என் பெயரில் புதுக் கணக்கு, என் படம், கீழே சீட்டுகள். அப்பா கட்டிலில் சாய்ந்தார்.

ஜாங்கிரியைத் துப்பினேன். நாலு தடவை கொப்பளித்தும் தித்திப்பு போகவில்லை.

ஜூன் 2, திங்கள்
புழுக்கம். அப்பா வேலைக்குப் போகவில்லை.

"இன்னா மொறைக்கிற? நான்தான் வெலகிட்டேனே. இது உன்னுது."

சிரிப்பு வேறு. 

அம்மாவிடம் சொல்ல வேண்டும். இரண்டு முறை அடுப்படி வரை போய்த் திரும்பினேன்.

ஜூன் 3, செவ்வாய்
காலை. அப்பா குளிக்கப் போனார். போன் கட்டிலில். பூட்டு 1234.

ஆடக் கூப்பிடும் பொத்தான் உள்ளங்கை அகலம். விலகல் எங்கோ அடியில், எறும்பு மாதிரி எழுத்தில். ஆறு மாதம், ஒரு வருடம், நிரந்தரம். நிரந்தரம் போட்டேன். காரணம் கேட்டது. 'விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியவில்லை.' ஒரு சீட்டைக்கூடத் தொடாத நான் அதைத் தொட்டேன். கண் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன்.

'உங்கள் முடிவைப் பாராட்டுகிறோம்.' சீ.

மாலை. நான் மில்லிலிருந்து வந்ததும் அப்பா போனை நீட்டினார்.

"யாரக் கேட்டு மூடின? அந்த மூஞ்சிய வெச்சிக்கினு நீ இன்னா கிழிக்கப் போற?"

 அவர் உள்பக்கம் திரும்பினார். "ஏ, உன் ஆதார எட்துக்கினு வா. இப்டி வெளிச்சத்துல நில்லு."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். "இன்னாத்துக்கு?"

"படந்தான்."

அம்மா நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு நின்றாள். 

"அம்மா, கண்ண மூடிக்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மூடிக்கொண்டாள். இறுக்கி.